மாடித்தோட்டத்தில் காய்ப்பு குறைந்தால்: அறிகுறி பார்த்துக் காரணம் பிடிக்கும் வழி

தக்காளிச் செடி இடுப்பு உயரம் வளர்ந்து நிற்கும், காய் மட்டும் இருக்காது. பீர்க்கையில் பிஞ்சு வரும், விரல் நீளத்தில் மஞ்சளாகி விழும். மிளகாய் இலை ஒரே வாரத்தில் சுருண்டுவிடும். அக்கம்பக்கத்து மாடிகளுக்குப் போய்ப் பார்க்கும்போது திரும்பத் திரும்பக் கண்ணில் படுவது இந்த மாதிரிச் சில தொல்லைகள்தான். எல்லோரும் முதலில் கேட்பதும் ஒன்றேதான்: "இதுக்கு என்ன அடிக்கலாம்?"

அடிப்பதற்கும் ஊற்றுவதற்கும் முன்னால் பார்க்க வேண்டியவை இருக்கின்றன. பெரும்பாலான வீடுகளில் வெயில், தண்ணீர், விதைத்த மாதம், பறிக்கிற பழக்கம் இந்த நான்கில் ஒன்றுதான் விளைச்சலைக் குறைக்கிறது. பூச்சியும் நோயும் அதற்கு அப்புறம்தான். அதனால் ஒவ்வொரு அறிகுறியின் கீழும் காசு செலவில்லாத காரணத்தை முதலில் வைத்திருக்கிறேன். மேலிருந்து கீழே வரிசையாகப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்துவிட்டு, ஒரு வாரம் பத்து நாள் பொறுத்திருங்கள். ஒரே நாளில் வேப்பெண்ணெயும் அடித்து, பிண்ணாக்குக் கரைசலும் ஊற்றி, செடி வைத்த பையையும் இடம் மாற்றினால் எதனால் சரியானது, எதனால் கெட்டது என்று கடைசிவரை தெரியாது.

இங்கே சொல்வது தமிழ்நாட்டுச் சமவெளி மாடிகளுக்குப் பொருந்தும். ஊட்டி, கொடைக்கானல் கணக்கு வேறு.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இவை

பை இருக்கும் இடத்தில் நேர் வெயில் எத்தனை மணி நேரம் விழுகிறது என்று ஒரு நாள் முழுக்கக் கவனியுங்கள். காய்கறிக்கு ஆறு மணி நேரம் வேண்டும். தண்ணீர்த் தொட்டியின் நிழலும் பக்கத்துக் கட்டட நிழலும் தை மாதத்தில் விழும் இடம் வேறு, ஆடியில் விழும் இடம் வேறு.

விரலை இரண்டாவது கணு வரை மண்ணுக்குள் விடுங்கள். மேல்மண் காய்ந்து உள்ளே சொதசொதவென்று இருந்தால் தண்ணீர் அதிகம். மேலே ஈரம், உள்ளே தூசி மாதிரி இருந்தால் தண்ணீர் ஓரமாக வழிந்து கீழே ஓடிவிடுகிறது. தென்னை நார்க்கழிவு ஒருமுறை முழுக்கக் காய்ந்துவிட்டால் தண்ணீரை உள்ளே விடாது. அப்போது கொஞ்சம் கொஞ்சமாக மூன்று நான்கு தடவை ஊற்ற வேண்டும்.

அப்புறம் இலையின் அடிப்பக்கம். கைபேசிக் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தாலே போதும். மேல்பக்கம் மட்டும் பார்த்துவிட்டுப் பூச்சி இல்லை என்று முடிவு செய்யாதீர்கள்.

அறிகுறி 1: செடி பசேலென்று வளர்கிறது, பூவே வரவில்லை

*நிழல்வலை போட்டிருக்கிறீர்களா?* பச்சை நிற 50 சதவீத நிழல்வலையை வருடம் முழுக்கக் கட்டி வைத்திருப்பதை நிறைய மாடிகளில் பார்க்கலாம். பங்குனிக் கடைசியிலிருந்து வைகாசி வரைக்கும் அது உதவும். மற்ற மாதங்களில் கழற்றிவிடுங்கள். பாதி வெயிலில் கீரை வரும். தக்காளியும் கத்திரியும் இலைதான் கொடுக்கும்.

*கொடி அவரையா?* எப்போது விதைத்தீர்கள் என்று பாருங்கள். நம் நாட்டு அவரை ரகங்களில் பல, பகல் பொழுது குறுகும்போதுதான் பூக்கும். ஆடியில் விதைத்தால் மார்கழி, தையில் கொத்துக் கொத்தாகக் காய்க்கிற அதே விதையை மாசியில் போட்டால், பந்தல் முழுக்கப் படர்ந்து மாதக்கணக்கில் ஒரு பூகூட விடாமல் நிற்கும். செடியில் எந்தக் குறையும் இல்லை. சிறகவரையும் இப்படித்தான். எந்த உரமும் இதை மாற்றாது. இடம் இருந்தால் குளிர் காலம் வரை விட்டு வையுங்கள், இல்லையென்றால் எடுத்துவிட்டு எல்லாப் பட்டத்துக்கும் வரும் குத்தவரை (செடி அவரை) போடுங்கள். இது தெரியாமல் நல்ல செடிகளைப் பிடுங்கி எறிகிறவர்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படுகிறது.

*தழைச்சத்து அதிகமா?* வாரா வாரம் கடலைப் பிண்ணாக்குக் கரைசல், நடுவில் மீன் கழிவை வெல்லத்தோடு ஊறவைத்த மீன் அமிலம், மேலே கொஞ்சம் மண்புழு உரம் என்று போய்க்கொண்டிருந்தால் இலை கரும்பச்சையாக, பெரிதாக, மென்மையாக இருக்கும். தண்டு பருத்திருக்கும். மூன்று வாரம் எல்லாவற்றையும் நிறுத்துங்கள், தண்ணீர் மட்டும் விடுங்கள். அதற்கும் மொட்டு வராவிட்டால் சாம்பல்சத்து கொடுக்கலாம். பைக்கு ஒரு கைப்பிடி விறகுச் சாம்பல் போதும். உங்கள் வீட்டுத் தண்ணீர் கடின நீராக இருந்தால் சாம்பல் வேண்டாம், அது மண்ணின் காரத்தை இன்னும் ஏற்றும். அதற்குப் பதில் சல்பேட் ஆஃப் பொட்டாஷ் லிட்டருக்கு 5 கிராம் கரைத்து மாலையில் இலைமேல் தெளிக்கலாம்.

*எலுமிச்சையா?* விதையிலிருந்து வந்த கன்று காய்க்க ஐந்து, ஆறு வருடங்களுக்கு மேலும் ஆகலாம். ஒட்டுக்கன்று இரண்டு மூன்று வருடத்தில் வந்துவிடும். நர்சரியில் வாங்கும்போது ஒட்டுப் போட்ட இடத்தைக் காட்டச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். ஏற்கெனவே விதைக்கன்றுதான் வைத்திருக்கிறீர்கள் என்றால் காத்திருப்பதைத் தவிர வழி இல்லை.

*முருங்கையா?* தினமும் தண்ணீர் ஊற்றினால் இலை கொட்டோ கொட்டென்று வரும், பூ வராது. பூக்கும் காலம் நெருங்கும்போது தண்ணீரைக் குறைத்து மண்ணை நன்றாகக் காயவிடுங்கள். செடி முக்கால் மீட்டர் உயரத்தில் இருக்கும்போதே நுனியைக் கிள்ளியிருந்தால் பக்கக் கிளை நிறைய வந்திருக்கும். இப்போது ஒரே குச்சியாக நெட்டையாக நிற்கிறது என்றால், ஒரு பருவம் முடிந்ததும் வெட்டிவிட்டு மறுபடி கிளைக்க விடுங்கள்.

அறிகுறி 2: பூ நிறைய வருகிறது, காய் ஆகாமல் கொட்டுகிறது

தக்காளி, மிளகாய், கத்திரியில்தான் இது அதிகம். முதலில் நாட்காட்டியைப் பாருங்கள்.

*சித்திரை, வைகாசியில் தக்காளியா?* பகல் 35 டிகிரியைத் தாண்டி, ராத்திரியும் 24, 25 டிகிரிக்குக் கீழே இறங்காத நாட்களில் தக்காளியின் மகரந்தம் கெட்டுவிடும். பூ காம்போடு உதிரும். சென்னை, வேலூர், திருச்சி மாடிகளில் கத்திரி வெயில் நேரத்தில் ராத்திரி சூடு தணிவதே இல்லை. தளமே விடிய விடியச் சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும். இந்த மாதங்களில் செடியைக் காப்பாற்றி வைத்தால் போதும், காய் எதிர்பார்க்காதீர்கள். பைகளைச் செங்கல் மேலோ ஸ்டாண்டு மேலோ தூக்கி வைத்து, மண்மேல் காய்ந்த இலைச் சருகால் மூடாக்குப் போடுங்கள். தேங்காய்ப்பாலும் மோரும் புளிக்கவைத்த தேமோர் கரைசல் அடித்தால் பூ நிற்கும் என்று இந்த நேரத்தில் அடிப்பது வீண். தக்காளி விதைக்க ஆடியிலிருந்து புரட்டாசி வரையும், மார்கழி, தையும் நல்ல காலம்.

*வெயில் தணிந்த பிறகும் கொட்டுகிறதா?* தண்ணீரைப் பாருங்கள். இரண்டு நாள் காயவிட்டு மூன்றாம் நாள் குளம் கட்டுவது பூவை உதிர்க்கும். வெளியூர் போய்வந்த வாரத்துக்கு அடுத்த வாரம் பூ கொட்டினால் காரணம் அதுதான். தினமும் ஒரே நேரம், ஒரே அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

*காற்றும் தேனீயும் வருகிறதா?* நான்கு பக்கமும் சுவர், மேலே வலை, கீழே ஓரத்தில் செடி என்றால் பூ அசையவே அசையாது. தக்காளி, கத்திரிப் பூக்கள் குலுங்கினால்தான் மகரந்தம் கொட்டும். காலை எட்டிலிருந்து பத்து மணிக்குள் பூக்கொத்தின் காம்பை விரலால் மெதுவாகச் சுண்டிவிடுங்கள். இந்த ஒரு வேலையை ஒரு வாரம் செய்தாலே பல மாடிகளில் வித்தியாசம் தெரியும்.

*கத்திரி மட்டும் கொட்டுகிறதா?* பூவைத் திருப்பி நடுவில் பாருங்கள். மஞ்சள் மகரந்தப் பைகளைத் தாண்டி ஒரு தண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அந்தப் பூ காய்க்கும். தண்டு உள்ளேயே குட்டையாக ஒளிந்திருந்தால் அது பெரும்பாலும் உதிரும். எல்லாக் கத்திரிச் செடியிலும் இரண்டு வகைப் பூவும் வரும், அது இயல்பு. முக்கால்வாசிப் பூ குட்டைத் தண்டாக இருந்தால் செடி இளைத்திருக்கிறது என்று வைத்துக்கொண்டு, மக்கிய எரு இரண்டு கைப்பிடி கொடுத்து மண்ணைக் கிளறிவிடுங்கள்.

*மிளகாய்ப் பூ பழுப்பேறி உதிர்கிறதா?* ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து, அதன்மேல் பூவைத் தட்டுங்கள். மெல்லிய கோடு போல, ஊசி நுனி அளவில் ஏதாவது ஓடினால் இலைப்பேன். 2021-ல் ஆந்திரம், தெலங்கானா மிளகாய் வயல்களைப் பெரிய அளவில் நாசமாக்கிய புதுவகை இலைப்பேன் பூவுக்குள்ளேயே கூட்டமாக இருக்கும். அதனால் இலையை மட்டும் பார்த்தால் தெரியாது. பாதித்த பூக்களைக் கிள்ளி மூடிய பையில் போட்டுவிடுங்கள், நீலநிற ஒட்டுப்பொறி கட்டுங்கள், வேப்பெண்ணெய் தெளியுங்கள். தெளிக்கும் அளவு அடுத்து வரும் இலை சுருளல் பகுதியில் இருக்கிறது.

அறிகுறி 3: மிளகாய் இலை சுருள்கிறது

இதைக் குருமான், சுருட்டை, முரணை என்று ஊருக்கு ஒரு பேரில் சொல்வார்கள். எந்தப் பக்கம் சுருள்கிறது என்பதை வைத்துப் பிரியுங்கள்.

*மேல்நோக்கிப் படகு மாதிரி மடிகிறது:* இலைப்பேன். தாளில் தட்டிப் பார்த்து உறுதி செய்யலாம்.

*கீழ்நோக்கிக் குடை மாதிரி கவிழ்கிறது, இலைக்காம்பு நீண்டு இலை குறுகிவிட்டது:* சிலந்திப்பேன். கண்ணுக்குத் தெரியாது, லென்ஸ் வேண்டும்.

*நுனி இலைகள் கடுகு அளவுக்குச் சிறுத்து, கொத்தாக, மஞ்சளோடியிருக்கின்றன; செடி தட்டினால் வெள்ளை ஈ பறக்கிறது:* வைரஸ். இதற்கு மருந்தே கிடையாது. செடியைப் பிடுங்கி அப்புறப்படுத்துங்கள். ஒன்றை வைத்துக்கொண்டு பார்க்கலாம் என்று விட்டால் வெள்ளை ஈ அந்த வைரஸைப் பக்கத்துச் செடிகளுக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

முதல் இரண்டுக்கும் ஆரம்பம் ஒன்றுதான். சுருண்ட நுனிகளைக் கிள்ளி எடுத்துவிட்டு, இலையின் அடியில் படும்படி தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள். இரண்டு மூன்று நாள் இதைச் செய்தாலே பாதி குறையும். அப்புறம் ஒரு லிட்டர் தண்ணீருக்கு வேப்பெண்ணெய் 5 மில்லி, காதி சோப்புக் கரைசல் 2 மில்லி. முதலில் சோப்பையும் எண்ணெயையும் கலந்து பால் நிறமாக்கிவிட்டுத் தண்ணீரில் சேருங்கள், இல்லையென்றால் எண்ணெய் மேலே மிதந்து இலையைக் கருக்கும். மாலை ஐந்து மணிக்கு மேல், இலையின் அடிப்பக்கம், ஐந்து நாளைக்கு ஒருமுறை, மூன்று தடவை.

சிலந்திப்பேனுக்கு இது போதவில்லையென்றால் நனையும் கந்தகத்தூள், லிட்டருக்கு 2 முதல் 3 கிராம். கொளுத்தும் வெயில் நாட்களில் கந்தகம் வேண்டாம், இலை கருகும். வேப்பெண்ணெய் அடித்த இரண்டு வாரத்துக்குள்ளும் வேண்டாம். பக்கத்தில் பந்தல் காய்க் கொடிகள் இருந்தால் அவற்றின்மேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கந்தகத்தை அவை தாங்காது.

மூன்று சுற்று முடிந்தும் புதுத் துளிர் சுருண்டே வந்தால் நிறுத்திவிட்டு ஒரு கிளையோடு தோட்டக்கலை அலுவலகத்துக்குப் போங்கள். கடைக்காரர் பொட்டலத்தில் மடித்துக் கொடுக்கும் பெயர் தெரியாத மருந்தை வாங்காதீர்கள். மாடியில் நாளை பறித்து நாளையே சமைக்கிறோம். எத்தனை நாள் கழித்துப் பறிக்க வேண்டும் என்று அச்சிடாத எதுவும் நம் வீட்டுக்கு வேண்டாம்.

அறிகுறி 4: பந்தல் காய்களில் பிஞ்சு மஞ்சளாகி விழுகிறது

*பூவின் அடியில் குட்டிக் காய் இருக்கிறதா?* இருந்தால் பெண் பூ, வெறும் காம்பு மட்டும் என்றால் ஆண் பூ. சுரை, பீர்க்கு, புடலை, பாகல், பூசணி எல்லாவற்றிலும் ஆண் பூக்கள்தான் முதலில் வரும். முதல் இரண்டு வாரம் பூ பூத்துக் கொட்டுவது எல்லாம் அதுதான், கவலை வேண்டாம். பெண் பூ குறைவாகவே வந்தால், முதன்மைக் கொடி பந்தல் ஏறியதும் நுனியைக் கிள்ளுங்கள். பக்கக் கொடிகளில்தான் பெண் பூ அதிகம்.

*பெண் பூ வருகிறது, மூன்று நான்கு நாளில் பிஞ்சு மஞ்சளாகிச் சுருங்குகிறது:* மகரந்தம் சேரவில்லை. கையால் சேர்க்கலாம், ஆனால் நேரம் முக்கியம். பூசணி, பாகல், வெள்ளரி காலையில் மலரும். பூசணி விடியற்காலையிலேயே மலர்ந்து முற்பகலில் மூடிவிடும். சுரையும் பீர்க்கையும் மாலையில் மலரும், புடலை பொழுது சாய்ந்த பிறகு. காலை பத்து மணிக்குப் பீர்க்கைக்கு மகரந்தம் சேர்த்துவிட்டு ஒன்றும் ஆகவில்லை என்று சொல்பவர்கள் நிறைய. அன்று மலர்ந்த ஆண் பூவைப் பறித்து, இதழ்களைக் கிழித்துவிட்டு, நடுப்பகுதியைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவுங்கள். சேர்ந்திருந்தால் இரண்டு மூன்று நாளில் காம்பு தடித்துக் கீழ்நோக்கி வளையும்.

*காய் ஓரளவு பெருத்த பிறகு கோணலாகி, ஒரு புள்ளியில் பிசின் வழிந்து அழுகுகிறது:* வெட்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளைப் புழு நெளிந்தால் பழ ஈ. விழுந்த காய்களைத் தொட்டியில் போட்டு மக்கவிடாதீர்கள், புழு மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகி மறுபடி ஈயாக வரும். பாலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி இரண்டு நாள் வெயிலில் போடுங்கள். பிஞ்சு விரல் நீளம் ஆனதும் செய்தித்தாளைக் குழலாகச் சுற்றி ஊசி குத்திவிடுங்கள். செலவே இல்லாத நல்ல காப்பு இதுதான். மணத்தால் பழ ஈயை இழுக்கும் கியூலூர் பொறி ஒன்று மாடிக்குப் போதும். அது ஆண் ஈக்களைத்தான் இழுக்கும், அதனால் பொறி வைத்துவிட்டோம் என்று காகிதம் சுற்றுவதை நிறுத்த வேண்டாம். மா, கொய்யாவுக்கு வைக்கும் மீத்தைல் யூஜினால் பொறி பந்தல் காய் ஈக்கு வேலை செய்யாது. கடையில் கேட்டு வாங்கும்போது பயிரின் பெயரைச் சொல்லி வாங்குங்கள்.

*எல்லாம் சரி, ஒரு கொடியில் இரண்டு காய்க்கு மேல் நிற்கவில்லை:* பையின் அளவைப் பாருங்கள். தக்காளி, மிளகாய், கத்திரிக்கு 12 அங்குல அகலமும் 12 அங்குல உயரமும் உள்ள பையில் ஒரு செடி. பந்தல் காய்க்கு 18 அங்குலமாவது வேண்டும், அதிலும் ஒரே ஒரு கொடி. முளைத்த நாலையும் கிள்ள மனசு வராமல் விட்டால் நாலும் பட்டினி கிடக்கும்.

இந்தப் பகுதியில் ஒரு எச்சரிக்கை. சுரைக்காயோ வெள்ளரியோ வெட்டியதும் ஒரு துணுக்கை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் மொத்தக் காயையும் எறிந்துவிடுங்கள். வேகவைத்தாலும் அந்த நச்சு போகாது. தெரியாமல் சாப்பிட்டு வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் நேராக மருத்துவமனைக்குப் போங்கள். அந்தக் கொடியின் விதையையும் எடுத்து வைக்காதீர்கள்.

அறிகுறி 5: தக்காளியின் அடிப்பகுதி கறுத்துக் குழிகிறது, அல்லது பழம் வெடிக்கிறது

காம்புக்கு எதிர்ப்புறம், தோல் மாதிரிக் காய்ந்த கறுப்பு வட்டம். நோய் என்று நினைத்து மருந்து அடிக்கிறார்கள், தேவையில்லை. காய்க்குச் சுண்ணாம்புச்சத்து போய்ச் சேரவில்லை. பெரும்பாலும் மண்ணில் சத்து இருக்கும், தண்ணீர் ஒழுங்காகப் போகாததால் அது காய்வரை ஏறாது. ஆகவே முதல் மருந்து தண்ணீர் நேரத்தைச் சீராக்குவதும் மூடாக்குப் போடுவதும். கறுத்த காய்களைப் பறித்துவிடுங்கள், செடி அடுத்த கொத்துக்குச் சத்தைக் கொடுக்கும்.

மழைநீர், மெட்ரோ குடிநீர் மாதிரி மென்னீர் விடுபவர்கள், தண்ணீரைச் சீராக்கிய பிறகும் தொடர்ந்தால் பைக்கு ஒரு தேக்கரண்டி நீற்றின சுண்ணாம்பைத் தண்ணீரில் கலக்கி ஊற்றலாம். போர் தண்ணீர் விடுபவர்களுக்கு இது வேண்டவே வேண்டாம். முட்டை ஓடு மக்கிச் சத்தாக மாதக்கணக்கில் ஆகும். இந்தப் போகத்துக்கு உதவாது.

பழம் வெடிப்பதற்கும் சீரில்லாத தண்ணீர்தான் காரணம். ஐப்பசி மழைக்கு முந்தின நாள் நிறம் மாறத் தொடங்கிய பழங்களைப் பறித்து உள்ளே பழுக்க வையுங்கள்.

அறிகுறி 6: செடி வாடுகிறது

*மதியம் வாடி, மாலையில் நிமிர்கிறதா?* வெயில் தாங்காமல்தான். விட்டுவிடுங்கள். மதியம் வாடுவதைப் பார்த்து வாளி வாளியாக ஊற்றுவதால்தான் வேர் அழுகுகிறது.

*காலையிலும் வாடியே இருக்கிறது, மண் ஈரமாக இருக்கிறது:* பையைச் சாய்த்து அடித்துளைகளைப் பாருங்கள். ஆறு மாதத்தில் வேரும் மண்ணும் துளைகளை அடைத்துவிடும். ஒரு கம்பியால் குத்தித் திறந்துவிட்டு இரண்டு நாள் தண்ணீரை நிறுத்துங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்கு முன்னால் எல்லாப் பைகளுக்கும் இதைச் செய்வது நல்லது.

*இலை பச்சையாக இருக்கும்போதே ஒரே நாளில் மொத்தச் செடியும் தொங்கிவிட்டது:* தக்காளி, கத்திரி, மிளகாயில் இதைப் பார்த்தால் கண்ணாடி டம்ளர் சோதனை செய்யுங்கள். அடித்தண்டில் விரல் நீளத் துண்டை வெட்டி, சுத்தமான தண்ணீர் நிறைந்த டம்ளரில் வெட்டிய முனை மட்டும் நனையும்படி அசையாமல் பிடியுங்கள். சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால் நூல் மாதிரி இறங்கினால் பாக்டீரியா வாடல் நோய். காப்பாற்ற முடியாது. செடியையும் மண்ணையும் சேர்த்து அப்புறப்படுத்துங்கள். கத்தரிக்கோலைக் கழுவிச் சூடு காட்டுங்கள். அந்தப் பை மண்ணை மறுபடி தக்காளிக் குடும்பத்துக்குப் பயன்படுத்தாதீர்கள்.

*வாடல் மெதுவாக வருகிறது, வளர்ச்சி நின்று காய் சிறுத்துப் போகிறது:* போகம் முடிந்த செடியைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பாருங்கள். வேரே முடிச்சு முடிச்சாக வீங்கியிருந்தால் நூற்புழு. அவரை, காராமணி வேர்களில் இயல்பாகவே முடிச்சு இருக்கும், ஆனால் அவை விரல் பட்டால் உதிர்ந்துவிடும். நூற்புழு முடிச்சு உதிராது. தொற்று கொஞ்சமாக இருந்தால் வேப்பம் பிண்ணாக்கு பைக்கு இரண்டு கைப்பிடி கலந்து, அடுத்த போகத்துக்குச் செண்டுமல்லி வையுங்கள். நிறைய இருந்தால் மண்ணைக் கொட்டி ஈரமாக்கி, கண்ணாடி மாதிரித் தெளிவான பாலித்தீன் தாளால் மூடி, ஓரங்களில் கல் வைத்து, சித்திரை, வைகாசி வெயிலில் நான்கிலிருந்து ஆறு வாரம் விடுங்கள். கறுப்புத் தாள் அந்த அளவு சூடு ஏற்றாது.

அறிகுறி 7: இலை மஞ்சளாகிறது, ஓரம் கருகுகிறது

*அடி இலைகள் மட்டும், மொத்தமாக மஞ்சள்:* தழைச்சத்து இல்லை. புதுப் பையில் இது வந்தால் தென்னை நார்க்கழிவு சரியாக மக்காதது. மக்காத நார் தழைச்சத்தைத் தானே இழுத்துக்கொள்ளும். பிண்ணாக்குக் கரைசல் வாரம் ஒருமுறை கொடுங்கள், சரியாகிவிடும். அடுத்த முறை நார்க்கட்டியை ஊறவைத்து, பழுப்புத் தண்ணீரைப் பிழிந்து கொட்டி, இரண்டு தடவை அலசிய பிறகு கலக்குங்கள்.

*நுனி இலைகள் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை:* இரும்புச்சத்து. கடின நீர் விடும் மாடிகளில் இது வரும். அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம், அரை மூடி எலுமிச்சைச் சாறு சேர்த்து மாலையில் தெளியுங்கள்.

*இலை ஓரம் தீய்ந்தது போல, பை விளிம்பில் வெள்ளைப் பொருக்கு:* உப்பு. இதில் கொஞ்சம் நின்று பாருங்கள், ஏனென்றால் வருடக்கணக்கில் விளைச்சலைத் தின்றுகொண்டிருப்பது இதுவாக இருக்கும். தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாயில் கிடைக்கும், அதை வாங்கித் தண்ணீரை அளந்துவிடுங்கள். 450 பி.பி.எம்.முக்குக் கீழே என்றால் எந்தக் காய்கறிக்கும் தொல்லை இல்லை. அதற்கு மேல் ஏற ஏற முதலில் பீன்ஸ் அடிவாங்கும், அப்புறம் மிளகாய், தக்காளி இன்னும் கொஞ்சம் தாங்கும். 2000-ஐத் தாண்டினால் அந்தத் தண்ணீரில் காய்கறி வளர்ப்பதையே மறுபடி யோசிக்க வேண்டும். ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுத் தண்ணீரைச் சிக்கனம் என்று நினைத்துச் செடிக்கு விடாதீர்கள், வடிகட்டிய உப்பு முழுக்க அதில்தான் இருக்கிறது. சாஃப்ட்னர் பொருத்திய குழாய்த் தண்ணீரும் வேண்டாம். கடினத்தன்மையை எடுத்துவிட்டு அது சோடியத்தைச் சேர்க்கிறது.

முதல் வைத்தியம் மழை. மழைக்காலத்தில் பைகளைத் திறந்த இடத்தில் வைத்து அடியில் தண்ணீர் வழிந்தோட விடுங்கள். மழைநீரைச் சேமித்துப் போர் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்து விடலாம். அதற்கு மேல் என்றால் மண் மாற்றம்தான். அதில் செலவு இருக்கிறது, அதனால் தண்ணீரை ஆய்வுக்குக் கொடுத்து முடிவு வந்த பிறகு மாற்றுங்கள். தண்ணீர் மாறாமல் மண்ணை மட்டும் மாற்றினால் அடுத்த வருடம் இதே இடத்தில் நிற்பீர்கள்.

அறிகுறி 8: வெண்டையும் கத்திரியும்

வெண்டை இலையில் நரம்பெல்லாம் மஞ்சள் வலை மாதிரித் தெரிந்து, காயும் வெளிறினால் மஞ்சள் நரம்புத் தேமல். வெள்ளை ஈ பரப்பும் வைரஸ். பிடுங்கிவிட்டு, மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டி, அர்கா அனாமிகா மாதிரி எதிர்ப்புள்ள ரகத்தை அடுத்து விதையுங்கள்.

கத்திரியில் நுனி மட்டும் தொங்கினால் தண்டுத் துளைப்பான். தொங்கிய இடத்துக்கு ஓர் அங்குலம் கீழே வெட்டி, உள்ளே இருக்கும் புழுவோடு அழித்துவிடுங்கள். நுனியில் விட்டால் அது காய்க்குள் போகும். வாரம் இரண்டு முறை பார்த்து வெட்டினாலே வீட்டுக்குப் போதும். பத்துச் செடிக்கு மேல் இருந்தால் இனக்கவர்ச்சிப் பொறி வையுங்கள்.

அறிகுறி 9: நன்றாகக் காய்த்தது, திடீரென்று நின்றுவிட்டது

செடியில் முற்றிய காய் தொங்குகிறதா? வெண்டையை ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்க வேண்டும். வெள்ளரியும் காராமணியும் இலை மறைவில் ஒன்று முற்றினால் போதும், செடி விதையாக்கும் வேலைக்குத் திரும்பிவிடும். விதைக்கு வேண்டுமென்றால் ஒரு செடியை ஒதுக்கிவிட்டு மற்றவற்றைச் சுத்தமாகப் பறியுங்கள். அப்படியும் பூ வராவிட்டால் பையில் சத்து தீர்ந்திருக்கும், மண்ணும் பாதியாக இறங்கியிருக்கும். மண்புழு உரத்தால் நிரப்பிவிடுங்கள். கத்திரி, மிளகாயின் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்தால் இன்னொரு சுற்று வரும். தக்காளிக்கும் வெண்டைக்கும் வயது முடிந்தால் முடிந்ததுதான்.

எப்போது, யாரைக் கேட்பது

ஒரே வாரத்தில் இரண்டு மூன்று பைகளில் டம்ளர் சோதனை பால் நூல் காட்டினால், உப்பு 2000-ஐத் தாண்டினால், அல்லது மேலே சொன்னதெல்லாம் செய்தும் புதுத் துளிர் கெட்டே வந்தால் நீங்களாக இன்னொன்றை வாங்கி ஊற்றாதீர்கள். கிசான் கால் சென்டர் 1800-180-1551 கட்டணமில்லாத எண், தமிழிலேயே பேசலாம். வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகம், மாவட்ட வேளாண் அறிவியல் நிலையம் இரண்டிலும் மாடித்தோட்டக்காரர்களும் போய்க் கேட்கலாம். மண்ணையும் பாசனத் தண்ணீரையும் மண் பரிசோதனை நிலையங்களில் பார்த்துச் சொல்வார்கள். கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் தெரிந்தால் அது செடி விஷயம் இல்லை. பைகளை அந்த இடத்திலிருந்து உடனே நகர்த்திவிட்டுக் கட்டடப் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

போகும்போது கைபேசிப் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். நோயுற்ற செடியை வேரோடு, மண்ணோடு செய்தித்தாளில் சுற்றி அன்றைக்கே கொண்டுபோங்கள். மண் என்றால் ஐந்தாறு பைகளின் நடு ஆழத்திலிருந்து எடுத்துக் கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோ. தண்ணீர் என்றால் மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு அப்புறம் சுத்தமான பாட்டிலில் ஒரு லிட்டர். கடைசி ஒரு மாதத்தில் என்னென்ன ஊற்றினீர்கள், என்னென்ன அடித்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். அங்கே முதலில் கேட்பது அதைத்தான்.